தடித்த கோடு

பள்ளிக்கூடத்துக்கு ஆறு படங்கள் வந்தன. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனிடம் போகும்போது, சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாராம்.

வகுப்புக்கு ஒன்று என்று பிரித்தார்கள். ஒன்றாம் வகுப்புக்குக் குதிரை கிடைத்தது. இரண்டாம் வகுப்புக்குத் தாமரைக் குளம். மூன்றாம் வகுப்புக்குப் பாய்மரப் படகு. நான்காம் வகுப்புக்கு மாம்பழக் கூடை. பெரிய டீச்சர் தன் அறைக்கு மயிலை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பின் அனுஷியா டீச்சர் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். யாருக்கும் வேண்டாம் என்று மீந்தது ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

அதில் குதிரையும் இல்லை, குளமும் இல்லை. வண்ணமே இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் பாதிக் கதவு உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். தாள் முழுக்கக் கரியால் போட்ட கோடுகள். அவ்வளவுதான். எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மூலையில் கையெழுத்து மாதிரி ஏதோ இருந்ததால், அந்தப் பக்கம்தான் கீழே என்று முடிவு செய்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் அனுஷியா டீச்சர் வந்து, இது என்ன என்று வகுப்பைக் கேட்டார். ஒருத்தி முள்வேலி என்றாள். ஒருத்தன் காக்காக் கூடு என்றான். மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஜெஸ்வின் எழுந்து, “எங்கப்பா வலை சிக்கிக்கிச்சுன்னா இப்படித்தான் இருக்கும் டீச்சர். அப்ப அவர் பேசுறத இங்க சொல்ல முடியாது” என்றான்.

டீச்சர் சிரித்துவிட்டார். தனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இதற்கு மாடர்ன் ஆர்ட் என்று பெயர் என்றும், பெரிய வீடுகளில் மாட்டுவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் பின்னக் கணக்குக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் படம் ஒரு வசவாகிவிட்டது. யாருக்காவது கையெழுத்து கோணலாக வந்தால், “போய் படத்துல சேர்ந்துக்கோ” என்பார்கள்.

படத்துக்கு நேர்க் கீழே இருந்த பெஞ்சில் உட்கார ஒருவரும் ஒப்பவில்லை. ஆணி ஆடுகிறது, தலையில் விழும் என்றார்கள். கடைசியில் அந்த பெஞ்சு இரண்டு பேருக்கு வந்தது. ஒருத்தி இலக்கியா. அவள் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவள், அவளுக்கு எதிர்த்துப் பேச ஆள் பலம் இல்லை. இன்னொருத்தி பூவிழி. அவளுக்கு எதற்குமே எதிர்த்துப் பேசத் தெரியாது.

இலக்கியாவின் குடும்பம் திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தது. அங்கே வயல் வேலை இல்லாமல் போனதால், அவள் அம்மா மலர்கொடி இரண்டு மாதத்துக்கு முன்பு மரக்காணம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பூவிழியின் அம்மா ரேகாவும் அதே உப்பளத்தில்தான் இருந்தாள். அம்மாக்கள் இருவரும் ஒரே ஜோடியாக உப்பு வாரினார்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் இலக்கியா பேசுவதும் பூவிழி கேட்பதும் பழக்கமாகிவிட்டது.

முதல் வாரம் பூவிழியும் மற்றவர்களைப் போல, இது என்ன, இது என்ன என்றே படத்தைப் பார்த்தாள். கணக்குக்கு விடை வராதபோது வரும் எரிச்சல்தான் வந்தது.

ஒரு நாள் அந்த எரிச்சலோடு ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்த்தாள். இடது மேல் மூலையில் கிளம்பும் கோடு. தொடங்கும் இடத்தில் கன்னங்கரேலென்று இருந்தது. போகப் போக மங்கியது. நடுவில் தாளின் சொரசொரப்பில் பட்டுப் புள்ளி புள்ளியாக உதிர்ந்தது. கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மறைந்தது.

அப்படியென்றால் இது இங்கே ஆரம்பித்து அங்கே முடிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ ஒருவர் இங்கே கையை வைத்து அங்கே எடுத்திருக்கிறார்.

அதன் பிறகு அவள் இது என்ன என்று கேட்பதை விட்டுவிட்டாள். இங்கே என்ன நடந்தது என்று பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க நிறைய நடந்திருந்தது. வரைந்தவர் முதலில் சில கோடுகளைப் போட்டுவிட்டு, பிடிக்காமல் உள்ளங்கையால் துடைத்திருந்தார். துடைத்தும் அவை முழுதாகப் போகவில்லை. சாம்பல் நிறத்தில் அடியில் கிடந்தன. கருப்புக் கோடுகள் எல்லாம் அவற்றின் மேல்தான் ஓடின. ஓரிடத்தில் கரி உடைந்து தெறித்து மிளகு போல ஒட்டியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு கட்டை விரலின் ரேகைகூட இருந்தது.

“அந்த ஆளு கட்டை விரல் இங்க இருக்குது பாரு” என்று இலக்கியாவிடம் காட்டினாள்.

இலக்கியா எட்டிப் பார்த்தாள். “கைய கழுவாம வந்துட்டான் போல.”

படத்தின் கீழ்ப் பகுதியில் ஒரு தடித்த கோடு இருந்தது. விரல் அகலம். அந்த இடத்தில் தாளே குழிந்திருந்தது. வரைந்தவர் பயங்கரக் கோபக்காரர் என்பதற்கு அதுதான் சாட்சி என்று வகுப்பில் எல்லாரும் சொன்னார்கள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து வரைந்திருப்பார் என்றான் ஜெஸ்வின். பூவிழியும் அதை நம்பினாள்.

சனிக்கிழமை வீட்டில் ஆள் இல்லை. அப்பா லாரி ஓட்டப் போனவர், மாதம் ஒரு தரம் வந்தால் அதிகம். பூவிழி வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். மளிகைக் கடைக் காலண்டரில் கிழித்து வைத்திருந்த தாள்களை, வெறுமையான பின்பக்கம் தெரியும்படி சுவரில் ஒட்டினாள். அந்த மேல் மூலைக் கோட்டைப் போலவே போட்டுப் பார்த்தாள்.

வரவில்லை. புழு மாதிரி வந்தது. நோட்டில் எழுதுவதுபோல மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் அந்தக் கோடு வராது என்று பத்துப் புழுக்களுக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். தோளிலிருந்து முழுக் கையையும் வீசினாள். கோடு வந்தது. கடைசியில் மங்கி மறைவதுகூட அதே மாதிரி வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆள் நின்றுகொண்டுதான் வரைந்திருக்கிறார்.

எத்தனை கோடு போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தோள் கடுக்க ஆரம்பித்தது. கை மேலே போக மறுத்தது. இழுக்க வலு இல்லாததால் உடம்பைச் சாய்த்துக் கரியை அழுத்தினாள். கோடு தடிமனாக வந்தது. அதன் இரண்டு ஓரமும் நடுங்கியிருந்தன.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் படத்தைப் பார்த்தாள். தடித்த கோட்டின் இரண்டு ஓரமும் அதே மாதிரி நடுங்கியிருந்தன.

“கோவம் இல்லடி” என்றாள் இலக்கியாவிடம். “கை வலி. பலம் இல்லாதப்பதான் அழுத்துறாங்க.”

“கை வலிச்சா தைலம் தேச்சிக்கினு படுக்க வேண்டியதுதான? எதுக்கு வரையறான்?”

பூவிழி மறுபடி படத்தைப் பார்த்தாள். தடித்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று மெல்லிய கோடுகள் இருந்தன. அவை மற்றவற்றைப் போல இல்லாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வலது கை ஓய்ந்ததும் அவர் இடது கைக்கு மாறியிருந்தார். பூவிழி அந்த மூன்று கோடுகளையும் மதியமணி அடிக்கும்வரை பார்த்தாள்.

அம்மா விடிவதற்குள் உப்பளத்துக்குப் போய்விடுவாள். அதனால் பூவிழிக்குத் தலை பின்னுவது எப்போதும் மாலையில்தான். பின்னல் கலையாமல் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போவதில் பூவிழி தேர்ந்திருந்தாள். மல்லாந்து படுத்தால் அசையவே மாட்டாள்.

முன்பெல்லாம் அம்மா சீப்பை உச்சியில் வைத்தால் நுனிவரை ஒரே இழுப்பு. கொஞ்ச நாளாக அப்படி இல்லை. உச்சியிலிருந்து காதுவரை வரும். அங்கே நின்றுவிடும். பிறகு சீப்பின் பற்கள் தலையில் பதியப் பதிய ஓர் அழுத்து. மறுபடியும் ஓர் இழுப்பு. வலிக்கிறது என்று பூவிழி சொன்னால், தலையில் சிக்கு இருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை உப்பளத்தில் ஒரு குவியல் அழுக்காக இருந்தது.

உப்பு வாருவதற்கு ஒரு பலகை உண்டு. நீளக் கம்பின் முனையில் குறுக்கே பொருத்தியிருக்கும். அதைப் பாத்தியின் தரையில் பட்டும் படாமலும் இழுக்க வேண்டும். தை மாதத்தில் நாள் கணக்காகக் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய களிமண் தரை அது. பலகை அழுந்தினால் மண் பெயர்ந்து உப்போடு வந்துவிடும். வெள்ளை உப்பு சாம்பலாகிவிடும். அப்புறம் அதை எந்த வியாபாரியும் தொட மாட்டான்.

ஒரு பாத்தியை இரண்டு பேர் சேர்ந்து வாருவார்கள். இருவர் வாரிய உப்பும் ஒரே குவியலில் சேரும். அந்தக் குவியல் ரேகாவும் மலர்கொடியும் வாரியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, மேஸ்திரி பலராமனைக் கூப்பிட்டுக் கத்தினார். பலராமனுக்கு யாரோ ஒருவரை நிறுத்தியாக வேண்டும். யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை இலக்கியா சொல்லித்தான் பூவிழிக்குத் தெரியும். மலர்கொடியை நிறுத்திவிட்டார்கள். மண்வெட்டி பிடித்த கை, வயலில் கொத்துகிற மாதிரி அழுத்தித்தான் வரும் என்று பலராமன் எல்லார் முன்னாலும் சொன்னாராம். தான் அழுத்தவில்லை என்று மலர்கொடி மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தரம் யாரும் கேட்கக்கூட நிற்கவில்லை.

“திங்கக்கெழமை ஊருக்குப் போறோம். டீச்சராண்ட சர்டிபிகேட் கேக்கணும்” என்றாள் இலக்கியா. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “எங்கம்மாதான் அழுத்தியிருக்கும். அதுக்கு பலம் ஜாஸ்தி. என்ன அடிச்சாக்கூட நல்லாத்தான் வுழும்.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை பூவிழி அம்மாவிடம் கேட்டாள். அது மேஸ்திரி எடுத்த முடிவு, நமக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குத் தலையும் பின்னிவிடவில்லை.

சனிக்கிழமைகளில் பூவிழி அம்மாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை பாத்திகள்தான். வழியில் பலராமன் தண்ணீர் இறைக்கும் என்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அழுக்கு உப்பு வந்த பாத்தியைப் பழைய தண்ணீர் வடித்துக் காயப் போட்டிருப்பதாகவும், இன்னும் கொஞ்ச நேரத்தில் புதுத் தண்ணீர் விடப்போவதாகவும், வரப்பில் விளையாடக் கூடாது என்றும் சொன்னார்.

பூவிழி கூழ்த் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு அந்தப் பாத்தியைப் பார்த்தாள்.

தரை முழுக்கக் கோடுகள். பலகை போன தடங்கள். களிமண் அவற்றை அப்படியே பிடித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்ததைவிட நூறு மடங்கு பெரிய தாள்.

யாரும் அழுத்தவில்லை, மண்தான் இளகியிருந்தது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் அவள் குனிந்தாள். முதலில் ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்ததை.

அங்கே இரண்டு கைகள் இருந்தன. ஒன்று நீளமாக இழுத்திருந்தது. மெல்லத் தொடங்கி, ஒரே அளவாகப் போய், மெல்ல முடிந்திருந்தது. தரையில் ஒரு பொடி மண்கூடப் பெயரவில்லை. இன்னொன்று நன்றாகத்தான் தொடங்கியது. பாதியில் நின்றது. நின்ற இடத்தில் பலகை உள்ளே இறங்கி ஒரு குழி. பிறகு தடித்து, இரண்டு ஓரமும் நடுங்கி, மறுபடி ஓர் இழுப்பு. மறுபடி ஒரு குழி.

பாத்தி நெடுக அதே கதைதான். இழுப்பு, நிறுத்தம், அழுத்து, இழுப்பு.

பூவிழியின் கை தானாகத் தலைக்குப் போனது. காதுக்கு மேலே, சீப்பு நின்று அழுத்தும் இடத்தைத் தொட்டாள். அவளுக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்றும் அதே நொடியில் தோன்றியது.

அம்மா உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பூவிழி தூக்கை எடுத்துவந்து நீட்ட, வாங்கிக் குடித்தாள். இடது கையால் குடித்தாள்.

“கை வலிக்குதாம்மா?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பாத்தியில பார்த்தேன்.”

அம்மா தூக்கைக் கீழே வைத்தாள். “அங்க இன்னா இருக்குது பார்க்கிறதுக்கு?”

“நின்னு நின்னு அழுத்தியிருக்குற. என் தலைய சீவுற மாதிரியே.”

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாயை மூடச் சொன்னாள். மலர்கொடிதான் அழுத்தினாள் என்று தான் ஒரு நாளும் சொல்லவில்லை என்றாள். மேஸ்திரியாகச் சொன்னார், மேஸ்திரியாக நிறுத்தினார், நான் பாட்டுக்குச் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன் என்றாள்.

“சும்மா நின்னுட்ட” என்றாள் பூவிழி.

எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை அப்படிச் சொல்லும் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. அடிக்கக் கையை ஓங்கினாள். கை தோள் உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

அம்மா அதை மற்றக் கையால் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. உப்புக் கையால் கண்ணைத் தொடக் கூடாது என்பது உப்பளத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படியே வழியவிட்டாள்.

“இந்தக் கை போனா நம்மள யாரு வெச்சிக்குவாங்க?” என்றாள். “இப்ப தண்ணி விட்டுடுவாங்க. எல்லாம் அழிஞ்சிடும். நீயும் மறந்துடு.”

மேஸ்திரியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். பூவிழிக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வரவில்லை. இலக்கியாவை விடவும் முடியவில்லை. வேறு எதுவும் தெரியாததால், தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

“நீ ஒரு தபா வந்து பாரும்மா. அவ்ளோதான்.”

அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். அம்மா எழுந்து வந்தாள்.

பூவிழி தன் அம்மாவின் தடங்களைக் காட்டவில்லை. அவை பக்கத்திலேயே இருந்தன, யாரும் காட்ட வேண்டியதில்லை. மலர்கொடியின் ஒரு தடத்தை மட்டும் விரலால் காட்டினாள். இங்கே ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கே மூச்சு விட்டிருக்கிறார்கள். இங்கே தரை மேடாக இருக்கிறது, அதனால் பலகையைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறார்கள். இதோ இங்கே எடுத்துவிட்டார்கள்.

அம்மா வரப்பில் குந்தி உட்கார்ந்தாள். அந்தத் தடத்தை முதலிலிருந்து கடைசிவரை கண்ணாலேயே நடந்து பார்த்தாள். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கு அடுத்ததை. பதினைந்து வருடமாக உப்பு வாருகிறவள் அவள். வாரி முடித்தால் குவியலைத்தான் பார்ப்பாள். தரையைப் பார்த்ததே இல்லை.

“மேட்டுல தூக்கியிருக்குறா” என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. “ரெண்டு மாசத்துல எனக்கு இது வரல. ரெண்டு வருஷம் ஆச்சு.”

தூரத்தில் பலராமன் என்ஜினின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

“மேஸ்திரி அண்ணா, என்ஜினப் போடாதீங்க. இங்க வாங்க.”

பலராமன் வந்தார். அம்மா சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. மலர்கொடியின் தடத்தையும் தன் தடத்தையும் காலால் காட்டினாள். கார்த்திகை மழையில் விழுந்ததிலிருந்து தோள் சரியில்லை என்றாள். இரண்டு நாளாக வாயைத் திறக்காதது தன் தப்பு என்றாள்.

பலராமன் கழுத்தைச் சொறிந்தார். குனிந்து பார்த்தார். அவருக்குப் புரியாமல் போகவில்லை. ஆனால் அவருக்குச் சந்தோஷமும் இல்லை. முதலாளியிடம் போய், தான் ஆள் மாற்றி நிறுத்திவிட்டதாகச் சொல்ல வேண்டும்.

“சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல, ரேகா?” என்றார்.

மலர்கொடியைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். அம்மாவை இந்தக் கையோடு பலகை பிடிக்க விட முடியாது என்றும் சொன்னார். கொட்டகையில் உப்புப் பொட்டலம் போட ஆள் குறைந்தால் வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ கூப்பிடுவாராம். கூப்பிட்டால்தான் வர வேண்டுமாம்.

பிறகு என்ஜினைப் போட்டார். தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து பாத்தியில் பரவியது. மலர்கொடியின் மெல்லிய தடங்கள்தான் முதலில் மறைந்தன. அம்மாவின் தடித்த தடங்கள் தண்ணீருக்குள் ரொம்ப நேரம் தெரிந்தன. பூவிழிக்கு அங்கிருந்து போய்விட வேண்டும்போல இருந்தது. அம்மா கடைசித் தடம் மறையும்வரை நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மலர்கொடி வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை இலக்கியா பள்ளிக்கூடம் வந்தாள். சர்டிபிகேட் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னல் பக்கத்து பெஞ்சுக்குப் போனாள். மதியம் சத்துணவு வரிசையில் மட்டும் பூவிழிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“உங்கம்மாவுக்கு எப்ப தெரியும், எங்கம்மா இல்லன்னு?”

பொய் சொல்லியிருக்கலாம். பூவிழி தட்டைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கே” என்றாள்.

“ம்” என்றாள் இலக்கியா. அதோடு சரி.

பூவிழி படத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அந்தத் தடித்த கோட்டைப் பார்ப்பது அவளுக்கு விளையாட்டாக இல்லை. கண் அந்தப் பக்கம் போனால் திருப்பிக்கொண்டாள். அதை வரைந்த நாளில் அந்த ஆளிடம், கை வலிக்கிறதா என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று மட்டும் தோன்றும். எல்லாரும் கோபக்காரர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெஸ்வின் யாருடைய நோட்டையோ பார்த்து, “போய் படத்துல சேர்ந்துக்கோ” என்றான். வழக்கமாகச் சிரிக்கும் இலக்கியா அன்று சிரிக்கவில்லை. ஜன்னல் பெஞ்சிலிருந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு கோட்டை அது கிளம்பிய இடத்திலிருந்து பின்தொடர்கிறாள் என்று பூவிழிக்குத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. மலர்கொடி. உள்ளே வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இலக்கியா நின்றாள்.

அம்மா வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட துணியில் அவள் வலது கை தொங்கியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தெருநாயைப் பார்த்தார்கள்.

“தென்னண்ட கடைசிப் பாத்தியில கால் வழுக்குதுக்கா” என்றாள் மலர்கொடி. குரலில் இனிப்பு ஒன்றும் இல்லை. “காத்து வேற எதுக்க அடிக்குது. நீ எப்படி நிப்ப?”

அம்மா தெரு மணலில் இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். இடது காலை முன்னால் வைத்து, வலது காலைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலை மணலில் அழுத்தி நின்றாள். காற்று இந்தப் பக்கம் வந்தால் இடுப்பை இப்படித் திருப்ப வேண்டும், கம்பைக் கக்கத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நல்ல கையால் காட்டினாள்.

மலர்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதே மாதிரி நின்று பார்த்தாள்.

“கபடிக்குப் போற மாதிரி இருக்குது” என்றாள் இலக்கியா. பூவிழியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“குதிகாலு பத்தல” என்றாள் பூவிழி.

அம்மா மறுபடி நின்று காட்டினாள். மலர்கொடி மறுபடி நின்றாள். இந்தத் தரம் அம்மா தலையை ஆட்டினாள்.

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. மலர்கொடி வேண்டாம் என்றாள். சேலையை இறக்கிவிட்டு, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நாலு வீடு தாண்டியதும் நின்று திரும்பினாள்.

“நாளைக்கு அங்க நின்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றாள்.